சாவியக்கா வீடு காட்டிய கதை

சாயங்காலம் ஆகிவிட்டால் சாவியக்காவுக்கு ஊரையே குடிவைக்கிற வேலை. இடுப்பில் ஒரு பெரிய வளையம், அதில் தெருவிலுள்ள மாடிவீடுகளின் சாவிகள் எல்லாம் தொங்கும். வீடு வீடாகத் திறந்து முன்னறையில் ஒரு விளக்கும் மாடியில் ஒரு விளக்கும் போடுவாள். ஒரு வீட்டில் ரேடியோவைப் பாடவிடுவாள், அடுத்த வீட்டில் டிவியைக் கத்தவிடுவாள். கொடியில் ஒரு துண்டை நனைத்துப் போடுவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளைக் காலால் தள்ளி இடம் மாற்றுவாள். எட்ட நின்று பார்க்கிற திருடனுக்கு, உள்ளே ஒரு குடும்பம் இருந்து தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்ற வேண்டுமாம். உள்ளே பல்லியைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. இதில் வேடிக்கை, அந்த ஊர்த் திருடர்களும் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போய் வெகு காலம் ஆகிவிட்டது.

விளக்குப் போடுவதாவது கௌரவமான வேலை. காலையில் செய்கிற வேலைதான் உயிரை வாங்கும். வீட்டுக்கு நாலு குளியலறை. தண்ணீர் விடாமல் வைத்திருந்தால் குழாய் காய்ந்து, சாக்கடை வாடை வீடு முழுக்க ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு குளியலறையிலும் குழாயைத் திறந்து, துருத் தண்ணீர் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு கழிப்பறையிலும் தண்ணீர் இழுத்துவிட வேண்டும். இந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் நகரத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்து எழுந்து, விடியற்காலையில் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிறவர்கள். அப்படி நின்று சம்பாதித்த பணத்தை இங்கே நாலு கழிப்பறையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாலையும் தினம் உபயோகப்படுத்திப் பார்க்கிற ஒரே ஆள் சாவியக்கா.

யாரும் ஆசைப்பட்டு ஊரை விட்டுப் போகவில்லை. முதலில் நூல் ஆலையை மூடினார்கள். பிறகு கிணறுகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய் ஒருநாள் கண்ணுக்கே தெரியாமல் போனது. அப்புறம்தான் அரசாங்கம் மனமிரங்கி அகலமான தார்ச்சாலை போட்டது. சாலை வந்தால் தொழிற்சாலை வரும் என்று மேடை போட்டுப் பேசினார்கள். தொழிற்சாலை வரவில்லை, பஸ் வந்தது. போகும்போது நிரம்பிப் போய், வரும்போது காலியாக வந்தது. முதலில் ஒருத்தன் போனான். அவன் தன் மச்சானைக் கூப்பிட்டான். மச்சான் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டான். இப்போது நகரத்தில் ஒரு சந்து முழுக்க இந்த ஊர்க்காரர்கள்தான். எங்கிருந்தோ வந்து எங்கள் ஊரைக் கெடுக்கிறார்கள் என்று நகரத்துக்காரர்கள் அவர்களைத் திட்டுகிறார்கள். திட்டிக்கொண்டே தங்கள் வீட்டுக் கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போனவர்கள் திரும்பவில்லை, பணம் திரும்பியது. திரும்பிய பணம் விதையாகவோ மாடாகவோ வரவில்லை, சிமெண்டாக வந்தது. ஒருத்தன் ஒரு மாடி கட்டினால் அடுத்தவனுக்கு மூக்கில் வியர்த்தது, அவன் இரண்டு கட்டினான். வயல்களுக்கு நடுவே கல் நட்டு மனை போட்டார்கள். மண் விலை ஏறிய ஏற்றத்தில், அதை உழுது பிழைக்கலாம் என்று இனி பைத்தியக்காரன்கூட நினைக்க முடியாது. மிச்சமிருந்த நாலு விவசாயிகளும் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறினார்கள். வீடு கட்டக் கொத்தனார் வேண்டுமே? இதைவிட வறண்ட ஏதோ ஊரிலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊரில் வீடு கட்ட எந்த ஊர்க்காரர்கள் போகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஊரில் செழித்த வியாபாரம் மூன்று: சிமெண்ட், பூட்டு, பணம் அனுப்பும் கடை. ஒரு அதிகாரி வந்து மாடிகளை அண்ணாந்து பார்த்து, ஊர் நன்றாக முன்னேறிவிட்டது என்று குறித்துக்கொண்டு போனார். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தவளும் சாவியக்காதான்.

அவளுக்கென்று இருந்தது ஓர் அறையும் பக்கத்தில் ஒரு பள்ளமும். பள்ளம் என்பது அவள் புருஷன் வீடு கட்டத் தோண்டிய அஸ்திவாரம். அந்த மனுஷன் நகரத்தில் மூட்டை தூக்கினார். ஊரில் ஒரு வீடு, அது ஒன்றுதான் அவருக்குக் கனவு. அதற்காகப் பகலில் ஒரு சரக்குக் கிட்டங்கியிலும் சாயங்காலம் இன்னொரு கிட்டங்கியிலும் தூக்கினார். மாதாமாதம் பணம் வந்தது. அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு வருவதற்குள் நுரையீரல் கைவிட்டுவிட்டது. சாவியக்காவுக்கு அதில் ஆத்திரம்தான், இன்னும் ஆறவில்லை. ஊரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள், பாவம் ஆசை நிறைவேறாமல் போய்விட்டார் என்பார்கள். அந்த ஆசைதான் ஆளைக் கொண்டுபோனது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மகன் நகரத்தில் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிற கடையில் வேலை பார்த்தான். கைராசிக்காரன் என்று பெயர். ஒருநாள் போன் செய்தான்.

'அம்மா, முதலாளி கடையை விக்கப் போறாராம். எனக்குன்னா குறைச்சுத் தரேங்கறாரு. இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்.'

'சொல்லிட வேண்டியதுதானே. கையில இருக்குல்ல?'

'இருக்கு. ஆனா அதை எடுத்துக் கடையில போட்டுட்டா வீடு எப்படிம்மா கட்டறது?'

'எந்த வீடுடா?'

'தரகர் ஒரு பொண்ணு சொல்லியிருக்காரு. மருந்துக் கம்பெனில பேக்கிங் பார்க்குதாம், இங்கதான். ஆனா அவங்க ஊர்ல பெரிய வீடாம். நமக்கும் ஊர்ல சொந்த வீடு இருக்கான்னு கேக்கறாங்க. ஒரு மாடியாவது வேணும்மா. இல்லைன்னா யாரு பொண்ணு குடுப்பா?'

சாவியக்காவுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. கல்யாணம் ஆனால் இரண்டு பேரும் நகரத்தில்தான் இருக்கப் போகிறார்கள். வேலை அங்கே, வாடகை அங்கே, பிள்ளை பிறந்தால் பள்ளிக்கூடம் அங்கே. வீடு மட்டும் இங்கேயாம். இன்னும் நாலு கழிப்பறை, அதற்கும் தண்ணீர் விட ஓர் ஆள், அந்த ஆளும் அவளே. அவன் அப்பனைத் தின்ற பள்ளம் இப்போது இவனைப் பார்த்து வாயைத் திறக்கிறது. கடை போனால் இவன் ஆயுசுக்கும் இன்னொருத்தன் கடையில் ஸ்பேனர் பிடிக்க வேண்டியதுதான். இதை எப்படித் தடுப்பது என்று யோசித்தபடி அன்று சாயங்காலம் சிங்கவீட்டுக்கு விளக்குப் போடப் போனாள். அங்கே விளக்கைப் போட்டதும் அவள் மூளையிலும் ஒரு விளக்கு எரிந்தது.

சிங்கவீடு என்பது ஊரிலேயே உயரமான வீடு. வாசல் தூண்கள் இரண்டின் மேலும் சிமெண்டுச் சிங்கங்கள், இரண்டுக்கும் பல்வலி வந்த முகம். சொந்தக்காரர் நகரத்தில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கித் துடைக்கிறவர். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்து, எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று சாவியக்காவிடம் கேட்டுக்கொண்டே பத்து நாள் இருந்துவிட்டுப் போவார். கணக்குப் பார்த்தால் அந்த வீட்டில் அவரைவிட அதிகமாக வாழ்ந்தவள் சாவியக்கா. அதனால் ஒருநாள் அதைத் தன் வீடு என்று சொல்வதில் தப்பில்லை என்று அவள் மனசாட்சி சுலபமாக ஒத்துக்கொண்டது.

மகன் முதலில் பயந்தான். 'மாட்டிக்கிட்டா மானம் போயிடும்மா.'

'மானம் கடை வாங்கித் தருமா? நீ சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்து சேரு. வீட்டை நான் பாத்துக்கறேன்.'

ஆளில்லாத வீட்டை ஆளிருக்கிற வீடாகக் காட்டுவதுதான் அவள் தொழில். பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை மேஜையில் வைத்தாள். சோபாவில் ஒரு தலையணையைக் கசக்கிப் போட்டாள். கொடியில் நனைந்த துண்டு. கூடத்துச் சுவரில் சொந்தக்காரரின் குடும்பப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். படம் இருந்த இடம் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்ததால், அதன் மேல் ஒரு கேலண்டரை மாட்டினாள். மகன் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினான். இரண்டு மணி நேரத்தில் அவன் நடையே மாறிவிட்டது. மாடிப்படிக் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, 'இதைத் தேக்குலயே போட்டிருக்கலாம்' என்று குறைப்பட்டுக்கொண்டான்.

பெண்ணின் அப்பா வந்தார். ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். கூட வந்த தரகர்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். அந்த ஒல்லி மனிதர் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். கொடியில் கிடந்த துண்டை முகர்ந்தே பார்த்துவிட்டார். இந்த ஆள் வீட்டு வரி ஆபீசில் இருந்திருப்பாரோ என்று சாவியக்காவுக்குத் தோன்றியது. கடைசியாகக் கூடத்தில் வந்து கேலண்டர் முன்னால் நின்றார்.

'கேலண்டர் நல்ல இடத்துல மாட்டியிருக்கீங்க' என்றார்.

அவ்வளவுதான். டீயைக் குடித்தார், கிளம்பினார். மறுநாளே தரகர் போன் செய்தார். வீடு பிடித்துவிட்டது, நீங்கள் ஒருமுறை வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள், அவளும் லீவில் வந்திருக்கிறாள் என்றார். சாவியக்காவுக்கு வாயெல்லாம் பல். கடைக்கு ஒத்துக்கொண்டு முதலாளியிடம் சொல்லிவிடு என்று மகனிடம் சொன்னாள். முதலில் பெண் வீட்டைப் பார்த்துவிடலாம் என்று அவன் இழுத்தான்.

பெண் வீடும் சளைத்ததில்லை. இங்கே சிங்கம் என்றால் அங்கே வாசலில் கழுகு. சலவைக்கல் தரை வழுக்கியது. பெண் பளிச்சென்று இருந்தாள், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள். மகன் அவளையும் பார்த்தான், கூரையையும் பார்த்தான். எதைப் பார்த்து அதிகம் சொக்கினான் என்று சாவியக்காவுக்குப் புரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து, எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்குப் போனார்கள். பையை எடுக்க அவள் மட்டும் உள்ளே திரும்பினாள்.

அப்போதுதான் கை பழக்கத்தில் வேலையைக் காட்டியது. பையை எடுத்தவள் தன்னை அறியாமல் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள். வாசலுக்கு வரும் வழியில் கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. பெண்ணின் அப்பாவுடையது.

குடியிருக்கிற வீட்டில் பட்டப்பகலில் யார் மெயின் சுவிட்சை அணைப்பார்கள்? இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

'உங்ககிட்ட எத்தனை வீட்டுச் சாவி இருக்கு?' என்று சாவியக்கா மெதுவாகக் கேட்டாள்.

'இந்தத் தெரு முழுக்க நான்தான். பின்தெருவுக்கு வேற ஆளு. உங்களுக்கு?'

'எனக்குப் பின்தெருவும் சேத்து.'

'அப்ப உங்களுக்குக் கால் வலி இருக்கும்' என்றார் அவர், உண்மையான அனுதாபத்தோடு.

'அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டீங்களா?'

'கேலண்டரைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அவ்ளோ உசரத்துல மாட்டினா எப்படித் தேதி கிழிப்பாங்க? அப்புறம் அந்தத் துண்டு. நனைஞ்சிருக்கு, ஆனா சோப்பு வாசனையே இல்ல. நான் கொஞ்சம் சோப்பும் தேச்சுப் போடுவேன் சம்பந்தி.'

'இது எனக்குத் தோணவே இல்லையே! தெரிஞ்சும் ஏன் பேசாம போனீங்க?'

'வாயைத் திறந்தா நீங்க எங்க வீட்டைப் பத்திக் கேப்பீங்களே. எனக்கு இருக்கறது இதுக்குப் பின்னாடி ஒரு ரூமு. உங்க பையன் பெரிய இடத்துப் பொண்ணாத்தான் பாக்கறாருன்னு தரகர் சொன்னாரு.'

'உங்க பொண்ணு பெரிய வீட்டுப் பையனாத்தான் கேக்குதுன்னு எங்ககிட்ட சொன்னாரு.'

இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எத்தனையோ வருஷமாக ஆளில்லாத வீடுகளில் தனியாகப் பேசிக்கொண்டு திரிந்த சாவியக்காவுக்கு, தன் பாஷை தெரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், மகனும் சிரிப்பான் என்று நம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மகன் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. 'ஏமாத்துக்காரங்க' என்றான். 'எவ்ளோ தைரியம் இருந்தா அடுத்தவன் வீட்டைக் காட்டிப் பொண்ணு குடுப்பாங்க?'

சாவியக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறானோ என்று நினைத்தாள். இல்லை, நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தான்.

'சொந்தமா ஒரு வீடுகூட இல்லாத குடும்பத்துல எப்படிம்மா சம்பந்தம் பண்றது? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?'

'நாம எங்கடா இருக்கோம்?'

'நம்ம கதை வேற. நாம கட்டப் போறோம்ல. கடையும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்தக் காசை எடுத்து வீட்டைக் கட்டி, இவங்களைக் கூப்பிட்டு உக்காரவெச்சுக் காட்டறேன். அப்பத்தான் புத்தி வரும்.'

அவ்வளவு பாடுபட்டது எல்லாம் வீணாகி, காசு மறுபடியும் அந்தப் பள்ளத்தை நோக்கித்தான் போகிறது. இவன் அப்பன் இரண்டு கிட்டங்கியில் மூட்டை தூக்கியபோதும் இதே நாலு பேருக்காகத்தான் தூக்கினார். அந்த நாலு பேரும் இப்போது நகரத்தில் கழிப்பறை வரிசையில் நிற்கிறார்கள், பேச ஊரில் ஆளே இல்லை. அவள் ஆத்திரத்தோடு மகனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அவன் அங்கே வாங்கி வைத்திருந்த பெண்ணின் நம்பரைப் போடச் சொன்னாள். மாட்டேன் என்றான். முதுகில் ஒன்று வைத்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் போட்டுக் கொடுத்துவிட்டான். சத்தமாகக் கேட்கும்படி வைத்துக்கொண்டாள்.

'கண்ணு, நான்தான் பேசறேன். அந்தச் சிங்கவீடு எங்களோடது இல்ல. எங்களுக்கு இருக்கறது ஒரு ரூமு.'

'அப்பா இப்பத்தான் சொன்னாரு அத்தை' என்றாள் பெண். குரலில் சிரிப்பு இருந்தது. 'நல்லவேளை. அந்தச் சிங்கத்தோட போட்டோவை அனுப்பியிருந்தாரு. பாத்துட்டு ரெண்டு நாள் கவலையா இருந்தேன்.'

'சிரிக்கறது இருக்கட்டும். இவன் அங்க ஒரு ரிப்பேர் கடையை விலைக்குக் கேட்டிருக்கான். கையில இருக்கறது ஒண்ணுக்குத்தான் வரும். கடையா, ஊர்ல வீடா? நீ சொல்லு.'

அந்தப் பக்கம் யோசிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. 'கடை எந்த ரோட்டுல இருக்கு?'

மகன் கோபத்தை மறந்து போனருகே குனிந்தான். 'மார்க்கெட்டுக்குப் பின்னாடி. ஐஸ் கம்பெனி பக்கத்துல.'

'அங்கயா? அந்த ஏரியா முழுக்கக் குளிர்பானக் கடை, கறிக்கடை. அத்தனைக்கும் பிரிட்ஜ் இருக்குமே! வெயில் ஆரம்பிக்கறதுக்குள்ள வாங்கிடுங்க. மேல ரூம் இருக்கா?'

'ஒண்ணு இருக்கு. தகரக் கூரை. வெயில் அடிக்கும்.'

'ஏசி மெக்கானிக் பேசற பேச்சா இது?' என்றாள் பெண்.

முன் சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மகனுக்கும் அடக்க முடியவில்லை. எந்தத் தெரு, எத்தனை ஷட்டர், பழைய முதலாளியின் வாடிக்கைக்காரர்கள் தங்குவார்களா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். ஏமாற்றுக்காரக் குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாளைக்குக் காலையில் முதலாளியிடம் முன்பணம் கொடுத்துவிடுவதாக மகன் அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஜெயித்துவிட்டோம் என்று சாவியக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள்.

'அத்தை, இருக்கீங்களா?' என்று பெண் கூப்பிட்டாள். 'ஒண்ணு கேக்கணும். நாங்க ஊருக்கு வந்தா எங்க தங்கறது?'

அத்தனை யோசித்த சாவியக்கா இதை யோசிக்கவில்லை. அவள் கிண்டல் செய்கிற அந்த வீட்டுக்காரர்கள் எல்லாம், கட்டிய வீடு இடிந்துவிடக் கூடாதே என்ற பயத்திலாவது வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். இவனுக்கு அந்தப் பயம்கூட இருக்கப் போவதில்லை. வெயில்காலத்தில் கடையைப் பூட்ட முடியாது, மழைக்காலத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஓர் அறையில் ஒண்டிக்கொள்ள எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? கடையை வாங்கிக் கொடுத்ததாக நினைத்தாள். மகனையே அந்த நகரத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டாள். அது அப்போதுதான் உறைத்தது.

'அத்தை?'

'ஊர்ல எனக்கு வீட்டுக்கா பஞ்சம்?' என்றாள் சாவியக்கா. 'உனக்கு எந்த வீடு வேணும்னு சொல்லு, முதல் நாளே திறந்து கழுவி வெக்கறேன்.'

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மகனும் சிரித்தான். 'நிஜமாவா அத்தை?'

'நிஜமாத்தான் கண்ணு. நீங்க வாங்க, அது போதும்' என்று சொல்லி, போனை மகன் கையில் கொடுத்தாள்.